சிறையில் படிப்பவரின் கோப்பு அவரோடு போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 தேர்வு முடிவு வந்ததும், சிறைவாசிகள் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற செய்தி நாளிதழ்களில் வருகிறது. படித்தவர்களுக்கும் படிக்க வைத்தவர்களுக்கும் அது பெருமைதான். ஆனால் பிளஸ் 2 தேறிய அதே ஆள் அடுத்து பி.ஏ.வோ பி.காமோ சேர்ந்தாரா, சேர்ந்தவர் முடித்தாரா என்பதை யாரும் கேட்பதில்லை. பலர் சேர்கிறார்கள், கொஞ்சப் பேர்தான் முடிக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் பாடநூலுக்கும் குறை இருக்கிறது, மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, ஒரு பட்டப்படிப்புக்கு வேண்டிய தாள் வேலையைச் சிறைக்குள் யார் செய்வது என்று இன்றுவரை உறுதியாகாததுதான். திறந்தநிலைக் கல்வியில் பாடம் நடத்துபவர்கள் என்ற முறையில், எந்தெந்த இடத்தில் படிப்பு அறுந்துபோகிறது என்பதை விவரமாக எழுத விரும்புகிறோம்.

முதலில், பணம் இங்கே பெரிய தடை அல்ல. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) 1994-லேயே தில்லி திகார் சிறையில் படிப்பு மையம் தொடங்கியது. பின்னர் சிறைவாசிகளுக்குக் கட்டண விலக்கும் கொடுத்தது. நம் மாநிலத்தில் 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியிலேயே பட்டம் படிக்கலாம். எனவே ஆள் இருக்கிறார், பாடம் இருக்கிறது, கட்டணமும் இல்லை. இவ்வளவு இருந்தும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள்.

2024 முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேர பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐ.டி. என்ற மாணவர் எண் கட்டாயம். அதை எடுக்க, மாணவர் பெறும் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் தேசியக் கணக்கின் எண்ணான ஏபிசி ஐ.டி. வேண்டும். ஏபிசி ஐ.டி. எடுக்க ஆதார் வேண்டும், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். சிறைவாசியிடம் கைப்பேசி இருக்கக் கூடாது என்பது சட்டம். கைதானபோது இருந்த போன் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் கிடக்கும். பயன்படுத்தாமல் 90 நாள் கடந்த சிம் முடக்கப்படலாம், பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும். மூன்று நான்கு ஆண்டு தண்டனை கழித்தவரின் ஆதாரோடு இணைந்த பழைய கைப்பேசி எண்ணுக்குப் போகும் ஓ.டி.பி. ஊர் பேர் தெரியாத ஒருவர் கையில் சேரும்.

ஆதாரில் கைப்பேசி எண்ணை மாற்ற, கையில் போன் இல்லாத சிறைவாசி கைரேகைதான் வைக்க வேண்டும். அதாவது ஆதார் பதிவுக் கருவி சிறைக்குள் வர வேண்டும். மத்திய சிறைகளில் ஆதார் முகாம் நடத்துவது புதிதல்ல. ஆனால் அதைச் சேர்க்கைக் காலத்தோடு பொருத்தி நடத்த வேண்டும். இக்னோவின் சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் என்றால், முகாம் நவம்பரிலும் மே மாதத்திலும் நடந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் முகாம் நடத்திப் பயனில்லை, ஆறு மாதம் வீண். இணைக்க வேண்டிய எண், தாயோ மனைவியோ அண்ணனோ நீண்ட நாள் மாற்றாமல் வைத்திருக்கும் எண்ணாக இருப்பது நல்லது. ஓ.டி.பி. சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். ஆகவே மனு பார்க்க, அதாவது சிறைவாசியைச் சந்திக்க, வீட்டார் வரும் நாளையே ஐ.டி. எடுக்கும் நாளாக வைத்து, நேர்காணல் அறைக்குப் பக்கத்திலேயே நல அலுவலரின் கணினியைத் திறந்து வைத்தால் காரியம் அரை மணி நேரத்தில் முடியும். இவ்வளவு சுற்றும் வேண்டாம், சிறைக் கண்காணிப்பாளரின் சான்றையே ஓ.டி.பி.க்கு ஈடாக ஏற்கலாம் என்று மானியக் குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், நாடு முழுவதும் இந்தச் சிக்கல் ஒரே நாளில் தீரும்.

அடுத்த சிக்கல் பெயர். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ‘க. முருகன்’ என்று இருப்பவர், ஆதாரில் ‘முருகன் க’ அல்லது தகப்பன் பெயர் சேர்த்து ‘முருகன் கந்தசாமி’ என்று இருப்பார். சிறைப் பதிவேட்டில் வாரண்டில் உள்ளபடிதான் எழுதுவார்கள், அதில் ‘என்ற’ போட்டு இன்னொரு பட்டப்பெயரும் ஒட்டியிருக்கும். ஏபிசி ஐ.டி. ஆதார்ப் பெயரை எடுத்துக்கொள்ளும். பல்கலைக்கழகம் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்க்கும். கண்காணிப்பாளர் தரும் ‘இவர் எங்கள் சிறைவாசி’ என்ற சான்றில் வாரண்டுப் பெயர் இருக்கும். மூன்றும் மூன்று ஆள்போலத் தெரிவதால் விண்ணப்பம் திரும்பிவரும். இதற்கு வழி எளிது. சான்றில் வாரண்டுப் பெயரையும், பள்ளிச் சான்றிதழ்ப் பெயரையும் எழுதி, இரண்டும் ஒருவரே என்று ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட வேண்டும். ஆதாரில் பெயர் திருத்துவதென்றால் கைப்பேசி எண் மாற்றும் அதே முகாமில் அதையும் முடித்துவிட வேண்டும். பல்கலைக்கழகப் படிவத்தில் எப்போதும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரே ஏற வேண்டும், கடைசியில் பட்டத்தில் அச்சாவது அதுதான்.

அந்தச் சான்றிதழே இல்லாதவர்கள் நிறைய. வாடகை வீடு மாறியபோது தொலைந்திருக்கும், வெள்ளத்தில் போயிருக்கும். நகல் வாங்கத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் படித்த பள்ளியையும் அணுக வேண்டியிருக்கும். உள்ளே இருப்பவர் எங்கே அலைவார்? வீட்டாருக்கு ஓர் அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து, அதில் சிறை முத்திரை வைத்தால் பள்ளி அலுவலகம் மதிக்கும். வெறும் தாளில் எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வேலைக்குச் சில மாதங்கள் பிடிக்கும். எனவே ஒருவர் சிறைக்கு வந்த முதல் மாதமே, என்ன படித்திருக்கிறார், சான்றிதழ் எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

எதைப் படிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். செய்முறைத் தேர்வு உள்ள பி.எஸ்சி. வகைப் படிப்புகளைச் சிறைக்குள் நடத்துவது கடினம், ஆய்வுக்கூடத்துக்கு வழிக்காவலோடு போய்வர வேண்டியிருக்கும். கணினிப் படிப்பு என்றால் உள்ளே பயிற்சிக்குக் கணினி உண்டா, வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று முதலில் கேட்க வேண்டும். தமிழ்வழியில் பிளஸ் 2 முடித்தவரை, ‘மத்தியப் பல்கலைக்கழகம், மதிப்பு அதிகம்’ என்று சொல்லி இக்னோவின் ஆங்கிலவழிப் பட்டத்தில் சேர்த்துவிடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் கெடுதல். இக்னோ பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. பக்கத்தில் அகராதி இல்லை, கேட்க ஆள் இல்லை என்ற நிலையில் முதல் புத்தகத்தின் இரண்டாம் பாடத்தோடு அவர் மூடி வைத்துவிடுவார். அவருக்குத் தமிழ்வழிதான் சரி.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது 3,600 மணி நேரம். மூன்றே ஆண்டில் முடிக்க நாள் தவறாமல் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். தண்டனைக் கைதிக்குப் பகல் முழுக்கத் தறியிலோ பேக்கரியிலோ அச்சுக்கூடத்திலோ வேலை. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றுதான் 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே சொல்கிறது. மாலையில் லாக்-அப். அறையில் இரவு முழுக்க விளக்கு எரியும், ஆனால் அது காவலர் பார்ப்பதற்காக உயரத்தில் கட்டிய விளக்கு, கீழே உட்கார்ந்து எழுத அந்த வெளிச்சம் போதாது. ஆகவே மூன்றாண்டுப் பட்டத்துக்கு இக்னோ தரும் ஆறாண்டு உச்சவரம்பை மனதில் வைத்து, ஐந்தாண்டுத் திட்டமாகப் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். ஒரே பருவத்தில் எல்லாத் தாளையும் எழுதி எல்லாவற்றிலும் கோட்டைவிடுவதைவிட, தேர்வுக்கு மூன்று தாள் என்று எழுதித் தேறுவது மேல். படிப்பவர்களை ஒரே பிளாக்கில் வைத்து, கண் மட்டத்தில் ஒரு டியூப் லைட்டும் எழுத ஒரு பலகையும் கொடுத்தால் தேர்ச்சியில் உடனே வித்தியாசம் தெரியும். படிக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி வெட்டாமல் இருப்பதும் முக்கியம். அந்தக் கூலியில்தான் பலர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

சேர்ந்த பிறகு வரும் பெரிய கண்ணி, மறுபதிவு. தேர்வு எழுதினாலும் எழுதாவிட்டாலும், தேறினாலும் தவறினாலும், அடுத்த ஆண்டுக்கோ பருவத்துக்கோ உரிய பதிவைக் கெடுவுக்குள் இணையத்தில் செய்துவிட வேண்டும். வெளியில் இருப்பவருக்கு போனில் நினைவூட்டல் வரும். உள்ளே இருப்பவரின் நினைவூட்டல் வீட்டு எண்ணுக்கோ, மாற்றலாகிப் போன அலுவலரின் மின்னஞ்சலுக்கோ போய்ச் சேரும். அடுத்த தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராதபோதுதான் பதிவு விட்டுப்போனதே தெரியவரும். பதிவுக்கென்று சிறையின் பெயரில், பதவி சார்ந்த ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். யாருடைய சொந்த முகவரியும் கூடாது. நல அலுவலரின் அறைச் சுவரில் சேர்க்கை, மறுபதிவு, அசைன்மெண்ட், தேர்வுப் படிவம் ஆகிய நான்கின் தேதிகள் மட்டும் எழுதிய ஓர் அட்டை தொங்கினாலே பாதிப் படிப்புகள் பிழைக்கும்.

அசைன்மெண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இக்னோவில் பெரும்பாலான பாடங்களுக்கு மதிப்பெண்ணில் 30 விழுக்காடு இதற்கு, 70 விழுக்காடு தேர்வுக்கு. கையால் எழுத வேண்டும். கேள்விகள் ஆண்டுதோறும் மாறும். மூத்த கைதி ஒருவர் வைத்திருக்கும் போன வருடக் கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பினால் மதிப்பெண் கிடைக்காது, உழைப்பு மொத்தமும் வீண். சேர்க்கைப் பருவத்தைச் சொல்லி அதற்குரிய கேள்வித்தாளை அச்செடுத்துத் தர வேண்டும். முகப்பில் பதிவு எண், பாடக் குறியீடு, படிப்பு மையக் குறியீடு மூன்றும் வேண்டும். அனுப்புமுன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்துவிட வேண்டும், ஏனென்றால் ‘வரவில்லை’ என்ற பதில் அடிக்கடி வரும். கையில் ஸ்கேனும் ஒப்புகைச் சீட்டும் இருந்தால் வாதாடலாம், இல்லையேல் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அச்சுப் புத்தகம் தபாலில் வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டியதில்லை. இக்னோ பாடநூல்களில் பெரும்பாலானவை அதன் ஈஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கி, இணையமில்லாத ஒரு கணினியில் போட்டுவிட்டால் பாதுகாப்புக்கும் குந்தகமில்லை.

இனி, இந்தக் கடிதத்தின் முக்கிய வேண்டுகோளுக்கு வருகிறோம். வேலூரில் படித்துக்கொண்டிருப்பவர் நிர்வாகக் காரணத்தால் ஒரு நாள் காலையில் மதுரைக்கு மாற்றப்படுகிறார். வாரண்டு கூடவே போகும், மருத்துவச் சீட்டு போகும், சொத்துப் பதிவேட்டில் உள்ள சட்டையும் சில்லறையும் போகும். புத்தகம் பிளாக்கிலேயே கிடக்கும், அசைன்மெண்ட் மேஜை இழுப்பறையில் கிடக்கும். வேலூர் இக்னோவின் சென்னை மண்டலம், மதுரை தனி மண்டலம். மையம் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றாது. ஹால் டிக்கெட் பழைய மையத்துக்கே வரும். புதிய சிறையில் அவர் ஒரு மாணவர் என்பதே யாருக்கும் தெரியாது, அவரே வாய் திறந்து சொன்னாலொழிய.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கல்விக் கோப்பு வேண்டும். அதில் டெப் ஐ.டி., பதிவு எண், சேர்க்கைக் கடிதம், மறுபதிவு ரசீதுகள், அசைன்மெண்ட் ஸ்கேன்கள் அடங்கிய குறுந்தகடு, தேறிய தாள்களின் பட்டியல், மீதமுள்ள தாள்களின் பட்டியல் இருக்கட்டும். மருத்துவப் பதிவைப்போலவே மாற்றல் நாளில் அந்தக் கோப்பும் வண்டியில் ஏற வேண்டும், ஒப்படைத்ததற்கும் பெற்றதற்கும் கையெழுத்து வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். சிறைத்துறைத் தலைமையின் ஒரே ஒரு சுற்றறிக்கை போதும். ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்கு முந்தைய ஒரு மாதத்தில் ஹால் டிக்கெட் வாங்கியவர்களைப் பாதுகாப்புக் காரணம் இல்லாமல் மாற்றுவதில்லை என்ற வரியையும் அதிலேயே சேர்க்கலாம்.

தேர்வு மையம் சிறைக்குள்ளேயே இருந்தால் எல்லாம் சுலபம். இல்லையென்றால் வழிக்காவல் வேண்டும். அதற்கான ஆயுதப்படைக் காவலர்கள் திருவிழா, தலைவர்கள் வருகை என்று பந்தோபஸ்துக்குப் போய்விட்டால் அன்றைய தாள் போயிற்று, அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான். விசாரணைக் கைதி என்றால் தேர்வும் வாய்தாவும் ஒரே நாளில் விழும். தேர்வு அட்டவணை வந்ததுமே, அந்தத் தேதியில் காணொலி வழியாக ஆஜர்படுத்த அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்குக் கண்காணிப்பாளர் எழுதிவிட்டால் இரண்டும் நடக்கும்.

விசாரணைக் கைதிகளைச் சேர்ப்பதில்லை, எப்போது ஜாமீனில் போவார்கள் என்று தெரியாது என்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி நாட்டின் சிறைவாசிகள் 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேரை ஒதுக்கிவிட்டு எதைச் சிறைக்கல்வி என்பது? சேர்க்கை அந்த மனிதர் பெயரில் நடக்கிறது, சிறையின் பெயரில் அல்ல. வெளியே போனால் தன் ஊருக்குப் பக்கத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பெற்ற கிரெடிட் ஏபிசி கணக்கில் ஏழாண்டு வரை செல்லும். ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் சாயங்காலம்தான் வந்து சேரும், அவசரத்தில் புறப்படுவார்கள். கையெழுத்து வாங்கித் திருப்பித் தரும் பொருள்களோடு மேலே சொன்ன கோப்பையும் கையில் கொடுத்து அனுப்பினால் போதும்.

பெண்கள் சிறைகள் தமிழ்நாட்டில் ஐந்துதான். மாணவிகள் சிலரே என்பதால் தனியாக ஆலோசனை வகுப்பு நடப்பது அரிது. மாதம் ஒருமுறை காணொலி வழியாக ஐந்து சிறைகளையும் இணைத்து ஒரே வகுப்பாக நடத்தலாம். கருவி ஏற்கெனவே நீதிமன்ற விசாரணைக்காக அங்கே இருக்கிறது.

வெளியில் கூலித் தொழிலாளியின் பிள்ளை கட்டணம் கட்டிப் படிக்கிறது, குற்றம் செய்தவனுக்கு இலவசமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் நியாயம் இருக்கிறது, பதிலும் இருக்கிறது. இதே கேள்வியை வைத்துத்தான் அமெரிக்கா 1994-ல் சட்டம் போட்டு, சிறைவாசிகளுக்குக் கிடைத்துவந்த பெல் கல்வி உதவித்தொகையை நிறுத்தியது. சிறைக் கல்லூரிகள் வரிசையாக மூடப்பட்டன. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2013-ல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறையில் கல்வி பெற்றவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவு என்று கணக்கிட்டது. படிக்க முன்வருபவர்கள் ஏற்கெனவே திருந்தும் மனம் உள்ளவர்களாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். எப்படியானாலும், 2020 டிசம்பரில் அந்நாடே சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூலை 1 முதல் உதவித்தொகையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் கட்டணம் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. இவரிடமிருந்து பறித்தால் அவருக்குக் கிடைத்துவிடப் போவதில்லை.

நீதிமன்றங்களும் இதைப் பார்க்கின்றன. பேரறிவாளன் வழக்கில் 18.5.2022 அன்று விடுதலை உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், கணக்கில் கொண்டவற்றில் அவர் சிறையில் பெற்ற கல்வித் தகுதிகளும் ஒன்று. முன்விடுதலைக் கோப்பு தயாராகும்போது மதிப்பெண் பட்டியல் அதில் இருக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு தேர்வு முடிவையும் வந்த வாரத்திலேயே அச்செடுத்துச் சேர்க்க யாராவது பொறுப்பில் இருக்க வேண்டும். ஒரு மத்திய சிறைக்கு ஓர் ஆள், இந்த வேலைக்கு மட்டும். ஒன்பது மத்திய சிறைகளுக்கும் ஐந்து பெண்கள் சிறைகளுக்குமாகப் பதினான்கு பேர். நல அலுவலர் தலையில் இதையும் கட்டினால் நடக்காது.

சிறை நூலகங்களுக்காகப் புத்தகக் காட்சிகளில் ‘கூண்டுக்குள் வானம்’ அரங்கு அமைத்துச் சிறைத்துறை நூல்களைத் திரட்டியது நல்ல முயற்சி. அப்படித் திரட்டும்போது, படித்து முடித்தவர்கள் பரணில் போட்டு வைத்திருக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடநூல்களையும் கேட்டு வாங்க வேண்டும். பாடத்திட்டம் மாறியிருக்கலாம் என்பதால் பாடக் குறியீட்டைச் சரிபார்த்து வாங்குவது அவசியம்.

தங்கள் வாசகர்களில் சிறையில் உறவினர் உள்ளவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மனுவுக்குப் போகும்போது அவருடைய பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 சான்றிதழ் நகல்களையும் ஆதார் நகலையும் எடுத்துப் போங்கள், அசலை வீட்டிலேயே வையுங்கள். வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒரு கைப்பேசி எண்ணை முடிவு செய்து சொல்லுங்கள், அதை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் விட்டுவிடாதீர்கள். அவர் சாதாரண உடையில் இருக்கும் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் கொடுங்கள். அடையாள அட்டையிலும் ஹால் டிக்கெட்டிலும் அதுதான் வரும், வெள்ளைச் சீருடையில் எடுத்த படம் வேண்டாம். படிவத்தில் கடிதம் வர வேண்டிய முகவரியாகச் சிறையையும், நிரந்தர முகவரியாக வீட்டையும் எழுதச் சொல்லுங்கள். படிப்பு முடிந்து பட்டமளிப்புக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில் அவர் விடுதலையாகியிருந்தால், முகவரியை வீட்டுக்கு மாற்றிய பிறகே விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் பட்டச் சான்றிதழ் விரைவு அஞ்சலில் சிறை வாசலுக்குப் போய், ‘விடுதலையாகிவிட்டார்’ என்ற குறிப்போடு பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிடும்.

இப்படிக்கு,
திறந்தநிலைக் கல்வி ஆலோசகர்கள் சிலர்,
மதுரை